கிடைக்குப் பின்னால் வந்த வயல்

கீழக்கொற்றங்குடி அமிர்தகடேசனின் மூன்று மா வயல் ஒரு பங்குனி மாதத்தில் எழுந்து ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்துபோன கதையை அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், சொல்லுகிற ஊருக்குத் தக்கபடி அதில் திருடர்களும் யோக்கியர்களும் இடம் மாறிக்கொள்வார்கள்; ஆனால் வயல் போனது உண்மை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அது இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு மூலை பிசகாத ஒரு பள்ளம் கிடந்ததை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், பார்க்கப் போனவர்களில் பாதிப் பேர் கையோடு வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய் அதில் கொட்டிவிட்டும் வந்தார்கள்.

மந்தை முத்திருளாயியுடையது. தை அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் பக்கம் வந்து, அறுத்த வயல்களில் ராத்திரிக்கு ராத்திரி கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கையை மண்ணுக்குக் கொடுத்து அரிசியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, ஆடி பிறப்பதற்குள் ஊர் திரும்புகிற சனம் அவர்கள். அவள் புருஷன் வேலாண்டி விடிந்ததும் பெரிய ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவான். பேசுவது என்றால் அவனுக்கு வேப்பங்காய். பால்குடி மறக்காத குட்டிகளைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டு கிடையில் இருப்பவள் முத்திருளாயி. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. நண்டு வளை இருக்கிற பக்கம் தண்ணீர் ஊறும், அங்கே பாய் விரிக்கக் கூடாது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பேறினால் அன்றைக்குத் தார்ப்பாயைத் தாழ இறக்கிக் கட்ட வேண்டும். கிடைவலையின் முளைக்குச்சியை நேராக அடித்தால் காற்று பிடுங்கிவிடும், வெளிப்பக்கம் சாய்த்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் இறக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக் கடைசி மூலையில் அடுப்பு, அப்போதுதான் பொறி பறந்து குட்டிக் கூடைமேல் விழாது. கிடையைப் பெயர்த்துக்கொண்டு புறப்படும்போது கடைசியாகப் போகிறவர் திரும்பி நின்று, மண்ணைப் பார்த்து, ‘நாங்க போறம், நீ இரு’ என்று சொல்ல வேண்டும். மனிதர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லலாம். மண்ணிடம் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அது எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லாமல் போனதில்லை.

அமிர்தகடேசனின் வயலில் அவர்கள் கிடை போட்டிருந்தபோது காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. அதனால் அடுப்பை வடகிழக்கு மூலையில் வைத்தாள். காலையில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வரப்பில் வந்து நின்ற அமிர்தகடேசனுக்கு அந்தப் புகையைப் பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஈசானிய மூலை சாமி மூலை, அங்கே நெருப்பு வைத்தால் குடும்பம் விளங்காது என்பது அவர் வீட்டு வாஸ்துக்காரர் சொல்லிக் கொடுத்தது. மாட்டுக் கொட்டகையையே அதற்காக இடித்துத் திருப்பிக் கட்டியவர். காற்று இப்படிப் போகிறதென்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் வரப்பிலிருந்து இறங்கி வந்து, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைச் செருப்புக் காலால் எத்திவிட்டார்.

ஊருக்கே சோறு போடுகிற மண்ணில் ஒரு மிராசுதார் சோற்றைச் செருப்பால் எத்தினார். அறுத்த நெல் தாள்களுக்கிடையே சோறு சிதறி ஆவி பறந்தது. இந்த நிமிஷமே கிளம்பவில்லையென்றால் கூடையெல்லாம் வாய்க்காலில் போகும் என்று கத்தினார். முத்திருளாயி எழுந்தாள். வலையைச் சுருட்டினாள், முளைகளைப் பிடுங்கினாள், குட்டிகளைக் கூடையோடு தூக்கி வண்டியில் ஏற்றினாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இவன் மண்ணிடம் எனக்கு என்ன பேச்சு என்று நினைத்தாள். அவ்வளவுதான் நடந்தது, இதற்கு மேல் காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம்.

அடுத்த கிடையை மேலத்திருக்குளத்தில் வற்றிய ஏரிக்குள் போட்டார்கள். விடிந்து எழுந்தபோது பாய்க்கு அடியில் தாள் குத்தியது. ஏரிக்குள் ஏது தாள் என்று பார்த்தால் மூன்று மா வயல் முழுசாக வந்து, சுற்றி வரப்போடும் மடை வாயோடும், சிதறிய சோற்றுப் பருக்கைகளோடும், விருந்துக்கு வந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, ஏரியின் மேல் உட்கார்ந்திருந்தது. வேலாண்டி அதைக் காலால் தட்டிப் பார்த்தான். நல்ல மண்தான் என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

மேலத்திருக்குளத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு வயல் நடந்து வரலாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வந்தது வந்தது, எங்கள் ஏரிக்குள் எப்படி வரலாம் என்றுதான் சண்டை. ஏரி இனி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், வருகிற ஐப்பசியில் கரை உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து வரப்பில் குடை பிடித்து நின்று, சர்க்கார் கணக்குப்படி இந்த வயல் கீழக்கொற்றங்குடியில்தான் இருக்கிறது, இங்கே இருப்பதுபோல் உங்களுக்குத் தெரிந்தால் அது உங்கள் கண் கோளாறு என்று சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றை ஏரிக் கரைக் கல்லில் தேய்த்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஊரே திரண்டு கிடையைத் துரத்தியது.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அதே கதைதான். மந்தை எங்கே படுத்ததோ அங்கே விடிவதற்குள் வயல் வந்து அடியில் படுத்தது. அது வருவதைப் பார்த்தவர்கள் என்று யாரும் இல்லை. பார்த்ததாகச் சொன்ன ஒரு குடிகாரன், சந்து வழியாக வரும்போது அது வீட்டுச் சுவர்களில் இடிக்காமல் ஒருக்களித்து வந்தது என்றான், குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று விட்டுவிட்டார்கள். வயல் வருவதற்கு ஊர்கள் இரண்டு மூன்று நாளில் பழகிக்கொண்டன. வேறொன்றுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கிடை போடச் சொல்லி அரிசி கொடுத்தவன் காலையில் வந்து பார்த்தால், அவன் வயலின் மேல் வேறொருவன் வயல் கிடக்கும், புழுக்கையெல்லாம் அதன்மேல் கிடக்கும், கிடை பெயர்ந்ததும் அது எருவையெல்லாம் சுருட்டி வயிற்றில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய்விடும்.

“எங்க அரிசியத் தின்னுட்டு எவன் வயலுக்கோ எரு போட்டுக்கிட்டுத் திரியிறியா?” என்று ஓர் ஊரில் ஒருத்தி துடைப்பத்தோடு வந்து கேட்டாள்.

சேதி மந்தைக்கு முன்னால் ஓடியது. ஊர் எல்லையிலேயே ஆட்கள் கம்போடு நின்றார்கள். குழாயடியில் குடம் வைக்க விடவில்லை, கடையில் உப்பு இல்லையென்றார்கள், நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். வயல் மட்டும் போகிற ஊர் எருவையெல்லாம் தின்று, மாமியார் வீட்டில் ஆறு மாதம் தங்கிய மாப்பிள்ளை மாதிரி கறுத்துக் கொழுத்தது. திரும்பிப் போய்ப் பள்ளத்தில் கிடை போட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று வேலாண்டி ஒருநாள் வாயைத் திறந்து சொன்னான். எத்திவிட்ட சோற்றுக்கு அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள் முத்திருளாயி. அவளுக்கு அந்த வயல்மேல் படுக்கப் படுக்கச் சுகமாகவும் இருந்தது; முளையைக் கையால் அழுத்தி மேலாக ஊன்றினாலே போதும், விடிவதற்குள் மண் வந்து கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அமிர்தகடேசன் வந்தார், ஆனால் வார்த்தை சொல்ல வரவில்லை. அவள் கோபத்தில் எங்காவது ஒரு பொட்டலில் நின்று ‘நீ இரு’ என்று சொல்லிவிட்டால் வயல் அங்கேயே தங்கிவிடுமே என்று அவருக்குப் பயம். அவள் வாயைக் காவல் காக்க ஒரு கூடாரத்தோடு வந்தார். பெங்களூரில் இருக்கிற மருமகன் வரவழைத்து அனுப்பிய மயில்நீலக் கூடாரம், மடக்கு நாற்காலி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேஸ் அடுப்பு, தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. என் வயலில் நான் இருக்கிறேன், யார் கேட்பது என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மந்தை பெயர்ந்தால் அவரும் பெயர்ந்தார். அவள் திரும்பி வயலைப் பார்க்கிற போதெல்லாம் ஓடிவந்து அவளுக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்றார். இருவரும் ஒரே வயலில் இரண்டு தனித்தனி ஊராக இருந்தார்கள்.

அவர் கூடாரத்தை மடை வாய்க்கு நேர் எதிரே, வயலிலேயே பள்ளமான இடத்தில் அடித்தார். பென்சில் பருமனில் பளபளவென்றிருந்த கம்பி முளைகளை நேராக, விரல் ஆழத்துக்கு இறக்கினார். கூடாரத்தின் வாயைக் காற்றுக்குக் காட்டித் திறந்து வைத்தார். முத்திருளாயி எல்லாவற்றையும் பார்த்தாள். எறும்புகள் முட்டையோடு வரப்பேறியதையும் பார்த்தாள். தன் தார்ப்பாயை இறக்கிக் கட்டினாள், கூடைகளை மேட்டுக்கு ஏற்றினாள், அடுப்பு நெருப்பை வறட்டிக்குள் பொதிந்து பானைக்கு அடியில் கவிழ்த்தாள், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கோடை மழை பிடித்துக்கொண்டு பெய்தது. கூடாரம் ஒரே மூச்சில் கிளம்பிப் போய்ச் சீமைக் கருவேல முள்ளில் கந்தலாய் மாட்டிக்கொண்டது. காலையில் மிராசுதார் நனைந்த கோழியாக நின்றார். கேஸ் புட்டி தீர்ந்திருந்தது. ஈரச் சுள்ளிகளைக் கூட்டி லைட்டரை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். முத்திருளாயியோ வறட்டியை உடைத்து, உள்ளே தூங்கிய கங்கை எடுத்து, காய்ந்த தென்னம் பன்னாடையில் வைத்து ஊதினாள், நெருப்பு எழுந்தது. அவர் குளிரில் தாடை ஆடக் கொஞ்ச தூரத்தில் வந்து நின்று, அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கொஞ்சம் நெருப்பு வேண்டும் என்றார்.

கிடைச் சனங்களுக்குள் தண்ணீரை இல்லையென்று சொல்லலாம், இடத்தை இல்லையென்று சொல்லலாம், நெருப்பை மட்டும் சொல்லக் கூடாது. கேட்பவன் எதிரியாக இருந்தாலும் ஒரு கங்கை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஈசானிய மூலையில வச்ச நெருப்புங்க ஐயா,” என்றாள். “ஒங்க குடும்பத்துக்கு ஆகாது.”

வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அமிர்தகடேசன் நனைந்த நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். அவள் அன்று காலைச் சோற்றை நிறைவாகத் தின்றாள்.

மத்தியானம், வேலாண்டி மேய்ச்சலில் இருக்கும்போது, ஒரு குட்டியானை வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவள் தொரட்டிக் கம்பை எடுத்துச் சுழற்றினாள், இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, மூன்றாவது ஆள் கம்பைப் பிடுங்கி அவள் தோளில் ஒரு போடு போட்டான். குட்டிகளைக் கூடையோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பயிரை மேய்ந்துவிட்டன, பட்டியில் அடைக்கிறோம் என்றார்கள். புல்லைக் கடிக்கப் பல்லே முளைக்காத குட்டிகள் எந்தப் பயிரை மேயும் என்று அவள் கேட்டது வண்டிச் சத்தத்தில் போய்விட்டது. முன்சீட்டில் இருந்த அமிர்தகடேசன் கண்ணாடியை இறக்கி, வயலைக் கொண்டுவந்து பள்ளத்தில் போட்டுவிட்டுக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்ந்து தாய் ஆடுகள் திரும்பின. கூடை இருந்த இடங்களை முகர்ந்தன. பால் கட்டி மடி கல்லாக இருந்தது. கத்தத் தொடங்கின, நிறுத்தவில்லை. முத்திருளாயி ஒவ்வோர் ஆடாகப் பிடித்துப் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டாள், வயல் அதையும் குடித்தது. சுட்டி என்று ஓர் ஆடு, நெற்றியில் வெள்ளை விழுந்த தலைச்சன்காரி, மடியில் கை வைக்கவே விடாமல் கூடை இருந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பால் இல்லாமல் குட்டிகள் எத்தனை பொழுது தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். தான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் அவை பட்டினி கிடக்கின்றன என்பதும் தெரியும். அன்று ராத்திரியே கிடையைப் பெயர்த்துக் கீழக்கொற்றங்குடிக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் ஊருக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பள்ளம் இருந்த இடத்துக்குப் போனாள். பள்ளம் இல்லை.

அமிர்தகடேசன் கூடாரத்தில் உட்கார்ந்து அவள் வாயைக் காவல் காத்த நாட்களில், பள்ளத்துக்கு நாலு பக்கத்து வயல்காரர்களும், நாலு பேரும் அவருக்குப் பங்காளி முறை, வரப்பை ராவோடு ராவாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்து நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு வந்துவிட்டார்கள், அந்தக் கட்டில் அகலத்துக்குத்தான் இப்போது அவர்களுக்குள் சண்டை. மேலே மண் அடித்து, பரம்படித்து, உளுந்து தெளித்து, முளைகூட விட்டிருந்தது. அவளைக் கண்டதும் ஆணும் பெண்ணுமாகக் கம்போடு ஓடிவந்தார்கள்.

“எங்கடி பள்ளம்? காட்டு பாப்போம். வயலத் தூக்கிட்டுப் போனவளுக்குப் பள்ளத்தத் தூக்கிட்டுப் போகத் தெரியாதா?”

அவள் உளுந்தில் கால் வைக்கும் முன்னே கல் வந்து முழங்காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டு பட்டிக்குப் போனாள். பட்டி என்பது பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பக்கத்தில், புறம்போக்கில், காரை பெயர்ந்து நின்ற பழைய செங்கல் சுவரும் இரும்புக் கதவும். உள்ளே குட்டிகள் ஈனஸ்வரத்தில் கத்துவது கேட்டது. வாசலில் சாவியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அமிர்தகடேசன். பள்ளம் இல்லாத விஷயத்தை அவளிடமிருந்துதான் அவர் கேட்டார். எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தார். பங்காளிகளின் பாட்டன் பூட்டனையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டு, வேட்டி கிழிந்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சாவி மட்டும் மடியில் பத்திரமாக இருந்தது.

“பால மட்டும் குடுத்துட்டு மறுபடி பூட்டிக்கிங்க ஐயா,” என்றாள் முத்திருளாயி. இரண்டு கையையும் சேர்த்து வைத்திருந்தாள், அப்படி அவள் யார் முன்னாலும் வைத்ததில்லை. “வயலு எங்கயும் போகாது, நானும் போகல. தாயை உள்ள விடுங்க.”

“நெருப்பு கேட்டப்ப என்ன சொன்ன?” என்றார் அவர்.

அவள் கைகளைக் கீழே போட்டாள். இரண்டு பேரிடமும் இறங்கி வருவதற்கு ஏணி இல்லை. பங்காளிகள் பள்ளத்தை விடாதவரை வயலைப் போட இடமில்லை, வயலைப் போடாதவரை கதவு திறக்காது, இருட்டினால் குட்டிகளில் இளைத்தது விடியலைப் பார்ப்பதே சந்தேகம்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கிடையை எங்கே போட்டாலும் யாராவது ஒருவன் என் இடம் என்று வருவான், புறம்போக்கில் வர ஆளில்லை. அவள் வேலாண்டியைக் கூப்பிட்டு, பட்டியைச் சுற்றி வலையைக் கட்டச் சொன்னாள். தாய் ஆடுகள் சுவரோரமாகப் படுக்கட்டும், குட்டிகளுக்கு வாசனையாவது போகட்டும் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அமிர்தகடேசனும் சாவியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். வேலாண்டிக்கு மட்டும் அவள் மனசு தெரிந்தது. மழை குடித்த வயல் அது, அடியில் வந்து படுத்தால் தரை களியாகிவிடும், கதவு நிலையோடு பெயர்ந்துவிடும். அவன் சுவரைக் கையால் தடவிப் பார்த்தான்.

“சொவரு பழசு,” என்றான்.

“பேசாம வலையக் கட்டுங்க,” என்றாள்.

விடிவதற்குச் சற்று முன்னால் வயல் வந்தது. போன ஊர் எருவையெல்லாம் தின்று, மழையும் ஆட்டுப் பாலும் குடித்து, நடக்க முடியாத கனத்தோடு வந்து, பட்டிக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் அடியில் மெதுவாக நுழைந்து படுத்தது. ஆபீஸ் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து, கொடிக்கம்பம் தெருவைப் பார்த்துக் குனிந்தது. பட்டியின் இரும்புக் கதவு நிலையோடு கழன்று சேற்றில் மல்லாந்தது, அவள் நினைத்த மாதிரியே. குட்டிகள் சேற்றில் விழுந்து எழுந்து வெளியே வந்தன, ஒவ்வொன்றும் தன் தாயைத் தேடிப்போய் மடியில் முட்டியது, தாய்கள் வாலடியை முகர்ந்து பார்த்து நின்றுகொடுத்தன. ஜெயித்துவிட்டோம் என்று முத்திருளாயி நினைத்தாள். அப்போது பின்சுவர் உள்பக்கமாகச் சரிந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, களியில் விழுந்த செங்கல் எவ்வளவு சத்தம் போடும். எல்லாத் தாய்களுக்கும் மடியில் குட்டி இருந்தது, சுட்டி ஒன்றுதான் கத்திக்கொண்டே குட்டிக்குக் குட்டி முகர்ந்துபோனது. முகர்ந்து முகர்ந்து கடைசியில் சரிந்த சுவருக்கு முன்னால் வந்து நின்றது. முத்திருளாயி போய்ச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்கச் சேறு மூடியது. நெற்றியில் தாயைப் போலவே வெள்ளை விழுந்த குட்டி, நடக்கத் தெம்பில்லாமல் பின்சுவர் ஓரமாகவே படுத்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு ஊர் வந்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸுக்கு யார் பொறுப்பு என்று ஒரு கூட்டம் கத்தியது. வயல் இங்கேயே கிடக்கட்டும், எங்கள் உளுந்துப் பக்கம் வரக் கூடாது என்று பங்காளிகள் கத்தினார்கள். அமிர்தகடேசன் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ள வெறுங்காலோடு தன் வயலுக்குள் ஓடிவந்தார். புறம்போக்கில் தங்கிவிட்டால் வயலும் புறம்போக்குத்தான், இங்கே வைத்துச் சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று கெஞ்சிக்கொண்டும் மிரட்டிக்கொண்டும் வந்தவர், அவள் கையில் இருந்த செத்த குட்டியைப் பார்த்து நின்றார். குனிந்து ஒரு செங்கல்லை எடுக்கப் போனார்.

“தொடாதீங்க,” என்றாள் முத்திருளாயி.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் அங்கேயே, சேற்றிலேயே, கொட்டாப்புளியின் காம்பால் தோண்டிக் குட்டியைப் புதைத்தாள். ஊர் முழுக்கக் கம்போடு சுற்றி நின்று பார்த்தது, யாரும் கிட்ட வரவில்லை. புதைத்துவிட்டு வலையைச் சுருட்டினாள், முளைகளைப் பிடுங்கினாள், குட்டிகளைக் கூடையில் ஏற்றினாள். மண்ணைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த வயலை இவன் கண்ணிலேயே காட்டாமல் ராமநாதபுரத்துக் கட்டாந்தரைக்கெல்லாம் நடத்திக்கொண்டு போவேன், முள்ளில் நடக்க வைப்பேன், காய்ந்து பொடியாகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு புறப்பட்டாள்.

மந்தை நகர்ந்தது, சுட்டி நகரவில்லை. வேலாண்டி கழுத்தில் கயிறு போட்டு இழுத்தான், அது முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. தூக்கித் தோளில் போட்டான், திமிறி விழுந்து திரும்பி ஓடிப்போய், குட்டியைப் புதைத்த இடத்தில் நின்றது. இருக்கிற குட்டிகளுக்கு வெயில் ஏறுமுன் நிழல் வேண்டும். விட்டுவிட்டு வாங்க என்று முத்திருளாயி சொன்னாள்.

அன்று சாயங்காலம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு செம்மண் பொட்டலில் கிடை போட்டார்கள். வழக்கம்போல முளைகளைக் கையால் அழுத்தி மேலாக ஊன்றினாள், விடிவதற்குள் மண் வந்து பிடித்துக்கொள்ளும் என்று.

விடிந்து எழுந்தபோது பாய்க்கு அடியில் சரளை குத்தியது. கையை வைத்துத் தடவினாள். தாள் இல்லை, ஈரம் இல்லை. எழுந்து பார்த்தாள். வரப்பும் மடையும் இல்லாமல் பொட்டல் பொட்டலாகவே கிடந்தது, வலை நாலு பக்கமும் சரிந்து தரையில் விழுந்திருந்தது, முளைகள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து கிடந்தன. வயல் வரவில்லை. இருக்கச் சொல்லி யாரும் அதனிடம் சொல்லவில்லை, அந்த ஆட்டுக்குக் கீழே அதுவாகவே இருந்துகொண்டது.

பழிவாங்க என்று கூட்டி வந்தது போய்விட்டதே என்று அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆட்டை விட்டுவிட்டு வந்தவள் இவள், விடாமல் நின்றது வயல் என்று தோன்றியது. வேலாண்டி ஆடுகளை எழுப்பிக்கொண்டிருந்தான், அவன் மேய்ச்சலுக்குப் போவதற்குள் குட்டிகளை அடைக்க வலை நிற்க வேண்டும். அவள் கொட்டாப்புளியை எடுத்தாள். முதல் முளையைச் சாய்த்துப் பிடித்து அடித்தாள், அது கட்டாந்தரையில் இறங்காமல் துள்ளித் தெறித்தது. எடுத்து வந்து மறுபடி வைத்தாள், மறுபடி அடித்தாள், அடிக்க அடிக்க அழுதாள், அழுதுகொண்டே அடுத்த முளைக்குப் போனாள்.